எப்சிபா சாலையும் மாந்தோப்பு விருந்தும்

தம்பி,

பிரியாணி பாய் போன் செய்தார். உன் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்து, கத்தரிக்காயில் எண்ணெய் கம்மியாக இருக்கட்டும், போன தடவை மாதிரி மிதக்க வேண்டாம் என்று நானே ஆரம்பித்துவிட்டேன். பாவம், நல்ல மனுஷன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, “அது சரிக்கா, முந்தின நாள் சாயங்காலம் மாந்தோப்பு ஆர்டருக்கு சைடிஷ் இன்னா அனுப்பட்டும்? தம்பி சிக்கன் பக்கோடா சொல்லிச்சு. ஈரல் வேணுமா வேணாமான்னு சொல்லல” என்றார். எந்த மாந்தோப்பு என்று கேட்டேன். அடுப்பில் அண்டா இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் அடுப்பில் என்றைக்கு அண்டா இல்லாமல் இருந்தது? பிரியாணிக்குக் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் போதும். பக்கோடாவும் ஈரலும் எதற்குப் பக்கத்தில் வைக்கிற சாமான் என்று தெரியாத பொம்பளையா நான்?

இதில் கொடுமை என்னவென்றால், அன்றைக்குக் காலையில்தான் நீ உன் பேச்சை ரெக்கார்டு செய்து எனக்கு அனுப்பியிருந்தாய். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் உன் அக்கா பேரில் சாலைக்குப் போர்டு திறக்கும்போது பேசப்போகிற பேச்சு. குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் ஒரு ஆளை மட்டும் கொல்வதில்லை, ஒரு வீட்டையே கொல்கிறான் என்று குரல் நடுங்கச் சொல்லியிருந்தாய். உங்கப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். நானும் அழுதேன். அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு வருகிறேன், பாய் போன் வருகிறது. காலையில் போர்டு, சாயங்காலம் பார்ட்டி. உன் தலைக்குள் இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் எப்படிச் சண்டை போடாமல் உட்கார்ந்திருக்கின்றன? அதை மட்டும் எனக்குப் புரியவை, போதும்.

இதை உட்கார்ந்து படி. நான் போனில் பேச ஆரம்பித்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. பெங்களூரில் உனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் என் குரலைக் கேட்டதும்தான் மீட்டிங் வைப்பார்கள் போலிருக்கிறது. இதை உன் நண்பர்கள் குரூப்பில் நீ போட்டாலும் எனக்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. போடு. அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

உன்னை ஒரேயடியாகக் குறை சொல்லவில்லை. ஹைவேயிலிருந்து நம்ம ஊருக்குப் பிரிகிற அந்த ரோட்டுக்கு அவள் பேரை வைக்க நீ அலைந்த அலைச்சல் எனக்குத் தெரியும். ரோட்டுக்குப் பேர் வைத்து இன்னா ஆகப்போவுது, போன பிள்ளை வந்துடப் போறாளா என்று நான்தான் முதலில் தடுத்தேன். நீ கேட்கவில்லை. லீவு கிடைக்கிறபோதெல்லாம் ரயில் ஏறி வந்து, பஞ்சாயத்து ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினாய். எப்சிபா என்ற பேர் ஜனங்கள் வாயில் நுழையாது, ‘அன்புத் தங்கை சாலை’ என்று வைத்துவிடலாம் என்று வார்டு மெம்பர் யோசனை சொன்னபோது, அவள் யாருக்கும் தங்கை இல்லை, எனக்கு அக்கா, அவளுக்குப் பேர் இருக்கிறது என்று நீ சொன்னாயாம். அதை அவரே என்னிடம் வந்து சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், அம்மா திட்டுவதற்கு மட்டும்தான் பேனா எடுக்கிறாள் என்று நீ நினைக்கக் கூடாது.

அந்தப் பெருமையும் ஃப்ளெக்ஸ் வந்ததும் போய்விட்டது. போர்டு திறப்புக்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடித்திருக்கிறீர்களே, பார்த்தாயா? பஞ்சாயத்துத் தலைவர் கும்பிடுகிறார், வார்டு மெம்பர் போனில் பேசுகிறார், நீ கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கையைக் கட்டி நிற்கிறாய். எப்சி ஒரு மூலையில் ஸ்டாம்பு அளவுக்கு இருக்கிறாள். செத்தது அவள், சிரிப்பதெல்லாம் நீங்கள். நான் போய்ச் சத்தம் போட்ட பிறகு வேறு அடிக்கிறோம் என்றிருக்கிறார்கள். வயதான காலத்தில் ஃப்ளெக்ஸ் கடையில் நின்று சண்டை போடுவது எனக்குத் தேவையா?

சரி, மாந்தோப்பு. உனக்கு அன்றைக்கு ராத்திரியே போன் போட்டேன். நீ இல்லை என்று சொல்வாய் என்று எதிர்பார்த்தேன். பொய்யாவது சொல்வாய் என்று நினைத்தேன். “ஆமாமா, ஃப்ரெண்ட்ஸ் கேக்கறாங்க. பீர்தான். லிமிட்டாதான்” என்றாய். தோப்பு மாமாவுடையது, மாமாவிடம் கேட்டாயிற்று, எல்லோரும் படித்த பசங்கள், ஆம்பூரில் லாட்ஜ் போட்டாயிற்று, முடிந்ததும் அவரவர் காரில் அங்கே போய்ப் படுத்துக்கொள்வார்கள் என்று ஒப்பித்தாய். நான் என் வாயைக் கட்டுப்படுத்திக்கொண்டு, அவ்வளவு பேரும் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக்கொண்டு போவார்களா என்று மட்டும்தான் கேட்டேன். அப்போது நீ ஒரு பதில் சொன்னாய். அதை நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை.

“பைபாஸ்லதான்மா செக்கிங். நம்ம ரோட்ல ஒருத்தனும் ஊத சொல்ல மாட்டான். அதனாலதான் தோப்ப புடிச்சேன்.”

நம்ம ரோடு என்றால் எது என்று உனக்கு உறைத்ததா? தோப்புக்குப் போகிற ரோடு வேறு, போர்டு வைக்கிற ரோடு வேறு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? காலையில் நீ ரிப்பன் வெட்டப்போகிற அந்த ரோட்டில், போலீஸ் வராது என்கிற ஒரே வசதிக்காக, சாயங்காலம் உன் நண்பர்களை ஓட்டவிடப் போகிறாய். இதைச் சொன்னபோது நீ ஒரு பெருமூச்சு விட்டு, “நீ ஏன்மா டென்ஷன் ஆவுற” என்றாய். உங்கப்பா பக்கத்திலிருந்து, பசங்க ஒரு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ரயில்வேயில் இருந்த மனுஷன். சிக்னல் போடாமல் ஒரு வண்டியை விடாதவர். வீட்டில் மட்டும் எல்லாவற்றுக்கும் பச்சைக் கொடி.

எப்சி போன அன்றைக்கு நீ இங்கே இல்லை. உன் காலேஜ் ஹாஸ்டலுக்குச் சொல்லி அனுப்பி நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதனால் உனக்கு அது எப்படி நடந்தது என்று மேலோட்டமாகத்தான் தெரியும். நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஷூ கம்பெனிதானே. நான் ஸ்டிச்சிங் லைனுக்கு சூப்பர்வைசர், அவள் செக்கிங் டேபிள். என் லைனில் தைத்து அனுப்பிய ஷூவின் மேல்பாகத்தையே தையல் கோணல் என்று திருப்பி அனுப்புவாள். அம்மா என்ற மரியாதைகூடக் கிடையாது. “இன்னாமா, கண்ண மூடிக்கினு பாஸ் பண்ணியா?” என்று எல்லோருக்கும் முன்னால் கேட்பாள். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு இருவரும் ஒன்றாகத்தான் போவோம். அந்த ரோட்டுப் புளியமரத்து ஸ்டாப்பிங்கில் கம்பெனிப் பொம்பளைகள் எங்கள் பழக்கம் உனக்குத் தெரியும். யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் தங்கள் சாப்பாட்டுப் பையை ரோட்டோரம் வைப்பார்கள். அடுத்தவள் அதற்குப் பின்னால் அவள் பையை வைப்பாள். பைகள் வரிசையில் நிற்கும், நாங்கள் மேட்டில் தள்ளி நின்று கதை பேசுவோம். பை இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி. அந்த வரிசைப்படிதான் பஸ்ஸில் ஏறுவோம், அதில் யாரும் யாரையும் ஏமாற்றினதில்லை.

மூட்டு வலிக்காரப் பொம்பளைகள் குனிந்து எடுக்க வேண்டாம் என்று, பஸ் ஹாரன் கேட்டதும் எப்சியே கீழே இறங்கிப் பைகளை எடுத்து ஒவ்வொருத்தர் கையிலும் கொடுப்பாள். அவளாக எடுத்துக்கொண்ட வேலை அது. அன்றைக்கும் ஹைவே பக்கம் ஹாரன் கேட்டது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவள் இறங்கிப் போனாள். என் பையைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பி, “இன்னாமா இவ்ளோ கனம், கல்லு எடுத்துனு வர்றியா?” என்று கேட்டாள். கம்பெனியில் மிச்சமான லைனிங் துணியில் நான் தைத்த பை. முந்தின நாள் மீன் குழம்பு, அதனால் இரண்டு டப்பா வைத்திருந்தேன். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பஸ்ஸுக்கு முன்னால் கார் வந்துவிட்டது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

ஓட்டினவன் ராத்திரி முழுவதும் ஒரு சிநேகிதன் கல்யாண வீட்டில் குடித்திருக்கிறான். முகூர்த்தத்துக்குள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வரலாம் என்று கிளம்பியிருக்கிறான். இது உனக்குத் தெரியும். ஆனால் பைபாஸில் போகவேண்டியவன் ஏன் நம்ம உள்ரோட்டில் வந்தான்? போலீஸ் ஸ்டேஷனில் அவனே சொன்னான், பைபாஸில் ஊதச் சொல்வார்கள், உள்ரோட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று. நீ போனில் சொன்னதை நான் ஏன் மறக்கவில்லை என்று இப்போதாவது புரிகிறதா? அதே வார்த்தை, தம்பி. நான் பெற்ற பிள்ளை வாயிலிருந்து அதே வார்த்தை.

நம்ம வீட்டு வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், நமக்குள் என்ன வெட்கம். நாம் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், கல்யாணத்தில் குடி கிடையாது. சர்ச் ஐயர் வருவார், ஜெபம் பண்ணுவார், கேக் சாப்பிட்டுப் போவார். அவர் பைக் தெரு முனை தாண்டியதும் ஆம்பளைகள் ஒவ்வொருத்தராகப் பின்பக்கம் நழுவுவார்கள். யார் கார் டிக்கியில் என்ன இருக்கிறது என்று எல்லாப் பொம்பளைகளுக்கும் தெரியும். தெரிந்தேதான் வெங்காயம் நறுக்குகிறோம், ஆம்லெட் போடுகிறோம், சின்னப் பிள்ளை கையில் தட்டைக் கொடுத்து அனுப்புகிறோம். யாராவது கேட்டால், “எங்க வீட்ல அந்தப் பழக்கமே இல்லிங்க” என்போம். உன் மாமா கல்யாணத்தில் மீன் வறுத்து அனுப்பியதே நான்தான். ஊரெல்லாம் இப்படித்தான். தட்டு மட்டும் எங்கள் வேலை, அதற்குப் பிறகு வண்டியில் ஏறுகிறவன் எங்கள் வேலை இல்லை.

எப்சி கேஸ் கோர்ட்டுக்குப் போன சமயத்தில் ஒரு மத்தியானம் ஒரு அம்மா நம்ம வீட்டுக்கு வந்தார்கள். என் வயதுதான் இருக்கும். வாசலிலேயே நின்றார்கள். கார் ஓட்டின பையனுடைய அம்மாவோ என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனேன். “நான் அந்தப் பையனோட அம்மா இல்லிங்க. அன்னிக்குக் கல்யாணம் ஆச்சே, அந்த மாப்பிள்ளையோட அம்மா” என்றார்கள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். உள்ளே கூப்பிடவில்லை, தண்ணீர் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.

“பின்னாடி பசங்க குடிக்கறது எனக்குத் தெரியும். நான்தான் வடை போட்டு அனுப்பினேன். விடியக்காலைல அந்தப் பையன் சாவி காணோம்னு தேடினு இருந்தான். நிக்கக்கூட முடியல அவனால. கட்டிலுக்குக் கீழ கெடந்துச்சு. நான்தாங்க எடுத்துக் குடுத்தேன்.”

கொடுக்கக் கூடாது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று கேட்டேன். தோன்றியதாம். ஆனால் அவன் மகனுடைய சிநேகிதன், வந்த விருந்தாளி, கல்யாண வீட்டில் போய் எப்படி மூஞ்சியில் அடித்த மாதிரிச் சொல்வது, மகன் கோபித்துக்கொள்வானே என்று விட்டுவிட்டார்களாம். அதைச் சொல்லத்தான் வந்தார்கள். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. சொல்லிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இதை உன்னிடம் அப்போது சொல்லியிருந்தால் நீ அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டிருப்பாய். அதனால்தான் சொல்லவில்லை. உங்கப்பாவுக்குத் தெரியும்.

அந்த அம்மாவை நான் எவ்வளவோ நாள் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். ஒரு சாவியை முந்தானையில் முடிந்துகொள்ள முடியாதா ஒரு பொம்பளையால், மகன் ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் உலகம் இடிந்துவிடுமா என்று. இப்போது பார், கர்த்தர் என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்று. பிரியாணி பாய் ஈரல் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். மாப்பிள்ளையின் அம்மா நான்.

மாமாவிடம் சொல்லித் தோப்பைப் பூட்டிவிடலாம் என்று நினைத்தேன். உங்களை எனக்குத் தெரியும். இங்கே பூட்டினால் வேறு எங்கேயாவது போவீர்கள், அதற்கும் காரில்தான் போவீர்கள். கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிப் பயமுறுத்தலாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. காட்பாடியிலிருந்து ஒரு நல்ல பெண் நம்பி வருகிறாள், அவள் என்ன பாவம் பண்ணினாள்? உன் சிநேகிதர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வரட்டும். பிரியாணி சாப்பிடட்டும், ஈரலும் அனுப்பச் சொல்கிறேன், பாட்டுப் போட்டு ஆடட்டும். பாட்டிலை மட்டும் வேண்டாம் என்று நீ சொல். நீ சொன்னால் கேட்பார்கள். நீ மாப்பிள்ளை, அன்றைக்கு உன் வார்த்தைக்குத்தான் மரியாதை. காலையில் மைக்கில் சொல்லப்போவதைச் சாயங்காலம் மைக் இல்லாமல் சொல்வதற்கு உனக்கு என்ன கஷ்டம்? இந்த அம்மா அரதப் பழசு, நச்சரிக்கிறாள் என்று என் மேல் பழியைப் போட்டே சொல். எனக்கு அது பழக்கம்தான்.

சொல்ல முடியாது என்றால், நான் என்ன செய்யப்போகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஆள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாய் என்று குதிக்காதே. அன்றைக்குச் சாயங்காலம் உங்கப்பா ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து அந்தப் போர்டுக்குக் கீழே போடுவார். வர மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். அந்த வடை அம்மாவை ஞாபகப்படுத்தினேன், பிறகு சேரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். தோப்புக்குப் போகிற ஒவ்வொரு காரையும் நான் கை காட்டி நிறுத்துவேன். சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து உள்ளே போகட்டும், தோப்பு அங்கிருந்து கூப்பிடு தூரம்தானே. லாட்ஜுக்குத் திரும்ப நம்ம பழைய கம்பெனி பஸ் டிரைவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் கொண்டுபோய் விடுவார். விடிந்ததும் காபியோடு சாவியும் வரும். கொடுக்க மாட்டேன் என்கிறவன் என்னைச் சுற்றிக்கொண்டு போகட்டும். போகும்போது தலையைத் தூக்கி அந்தப் போர்டை ஒரு தடவை படித்துவிட்டுப் போகட்டும். நீயும் அந்தக் காரில் இருந்தால் நீயும் படி. நீ அவளைவிடப் பெரியவன் ஆகிவிட்டாய், தம்பி. அவளுக்கு அந்த வயதே வரவில்லை.

மனசு மாறினால் சீக்கிரம் போன் செய். பஸ் டிரைவர் நம்மை நம்பி வேறு சவாரியை விட்டுவிடுவார், பாவம், அவருக்கு வீண் நஷ்டம். எனக்குப் போன் செய்ய வெட்கமாக இருந்தால் பாய்க்குச் செய், அவர் எனக்குச் சொல்லிவிடுவார். இல்லை என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம்.

அந்த லைனிங் துணிப் பையை நான் தூக்கிப் போடவில்லை. ஒரு கைப்பிடி அறுந்திருந்தது, தைத்துவிட்டேன். சாவிகளைப் போட்டுவைக்க எனக்கு ஏதாவது வேண்டும் இல்லையா? நான் வரக் கொஞ்சம் முன்னேபின்னே ஆனாலும், போர்டுக்குக் கீழே அந்தப் பை இருக்கும். பையை வைத்தால் அங்கே ஆள் இருக்கிற மாதிரி. நம்ம ஊரில் பிறந்தவன் நீ, உனக்குத் தெரியும்.

அம்மா